பொல்ட்சமா: எஸ்டோனியாவின் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொல்ட்சமா எங்கே இருக்கிறது?

பால்டிக் கடலோர நாடான எஸ்டோனியாவின் ஏறத்தாழ நடுப்பகுதியில், யொகெவா மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகர் தாலினிலிருந்து பல்கலைக்கழக நகரமான தார்த்துவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தாலினிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரும் தார்த்துவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரும் தள்ளி அமைந்துள்ளது. ஏறக்குறைய 4,000 பேர் வாழ்கிறார்கள். ஊரின் பெயரையே தாங்கிய ஆறு, ஊரின் நடுவே கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. அந்த ஆற்றின் கரையில்தான் 13ஆம் நூற்றாண்டில் அடித்தளம் இடப்பட்ட கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன.

ஊர்ப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்? அதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

‘பொல்ட்சமா’ என்று தமிழில் எழுதுவது ஒரு சமரசமே. முதல் அசையில் வரும் உயிரொலிக்கு எஸ்டோனிய மொழியில் தனி எழுத்து உண்டு. ‘ஒ’ என்று சொல்ல நாவை அமைத்துக்கொண்டு, உதட்டைக் குவிக்காமல் ஒலித்தால் அது வரும். பிற நாட்டார் பலருக்குச் சிரமம் தரும் இந்த ஒலி தமிழர்களுக்கு அவ்வளவு அந்நியமானதன்று. ‘காது’, ‘பாட்டு’ ஆகிய சொற்களின் இறுதியில் உதடு குவியாமல் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் அதற்கு நெருங்கிய உறவினர் போன்றது. அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழ வேண்டும்.

இறுதியில் வரும் ‘மா’ என்பதற்கு எஸ்டோனிய மொழியில் நிலம் அல்லது நாடு என்று பொருள். இருபது மா ஒரு வேலி என்று கணக்குப் பார்த்துப் பழகிய தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். இது வெறும் ஒலி ஒற்றுமைதான். இதை வைத்து மொழிக்குடும்பங்களை இணைத்துவிடக் கூடாது. ஜெர்மன் மொழி பேசிய நிலப்பிரபுக்கள் பல நூற்றாண்டுகளாக இவ்வூரை ‘ஓபர்பாலன்’ என்று அழைத்தார்கள். பழைய ஆவணங்களிலும் வரைபடங்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கும் என்பதால், தேடிப் படிக்க விரும்புவோர் இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இது நகரமா, பேரூரா, கிராமமா?

எஸ்டோனியாவில் குடியிருப்புகளை நான்கு படிகளாக வகைப்படுத்துகிறார்கள்: லின் என்றால் நகரம், அலெவ் என்றால் பேரூர், அலெவிக் என்றால் சிற்றூர், கூலா என்றால் கிராமம். பொல்ட்சமா நெடுங்காலம் கோட்டையையும் பண்ணை மாளிகையையும் ஒட்டி வளர்ந்த கடைத்தெருக் குடியிருப்பாகவே இருந்து, 1926இல்தான் நகர உரிமை பெற்றது. 2017இல் நாடு முழுவதும் உள்ளாட்சி அமைப்புகள் சீரமைக்கப்பட்டபோது, சுற்றியிருந்த ஊராட்சிகளுடன் இணைக்கப்பட்டுத் தனி நகராட்சி என்ற நிலையை இழந்தது. ஆகவே பட்டத்தில் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சியின் ஒரு பகுதி. நடந்து பார்ப்பவரின் கண்ணுக்கு மரவீடுகளும் தோட்டங்களும் கொண்ட சிற்றூராகவே தெரியும்.

ஆற்றைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பொல்ட்சமா ஆறு வடக்கே பாந்திவெரே மேட்டுநிலத்தில் ஊற்றெடுத்து, சுமார் 135 கிலோமீட்டர் ஓடி, பெத்யா ஆற்றில் கலக்கிறது. பெத்யா எமயொகி ஆற்றிலும், எமயொகி பெய்ப்சி ஏரியிலும் சேர, அந்த ஏரியின் நீர் நார்வா ஆற்றின் வழியாகப் பின்லாந்து வளைகுடாவை அடைகிறது. பாந்திவெரே சுண்ணாம்புப் பாறை நிலம். மழையும் பனியும் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கி, ஊற்றுகளாக வெளிவருகின்றன. இதனால் ஆற்றின் மேற்பகுதியில் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

ஊருக்குள் ஆறு பிரியும் இடத்தில் சிறு தீவுகள் உண்டாகி, அவற்றைப் பாலங்கள் இணைக்கின்றன. கோட்டை இந்த இடத்தில் அமைந்ததற்கும் ஆறுதான் காரணம். பள்ளமான சதுப்பு நிலங்கள் சூழ்ந்த நாட்டில், கடக்கத்தக்க ஆற்றுத்துறையைக் கையில் வைத்திருப்பவரே பாதையையும் கையில் வைத்திருப்பவர். அகழிக்கும் அதே ஆறு தண்ணீர் கொடுத்தது. பிறகு ஆலைச் சக்கரத்தையும் அதுவே சுழற்றியது.

கோட்டையைக் கட்டியவர்கள் யார்?

லிவோனிய வீரத்துறவியர். லிவோனியா என்பது இன்றைய எஸ்டோனியா, லாட்வியா பகுதிகளுக்கு அன்று வழங்கிய பெயர். துறவு நோன்பும் போர்த்தொழிலும் ஒருசேரக் கொண்டிருந்த ஜெர்மானிய சிலுவைப் போர்வீரர்களின் அமைப்பு இது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எஸ்டோனியரையும் லாட்வியரையும் வாளால் வென்று கிறித்தவத்துக்குக் கொண்டுவந்த பின், கைப்பற்றிய நிலத்தைக் கோட்டைகளால் பின்னிவைத்தார்கள். பொல்ட்சமா கோட்டை 1272இல் தொடங்கப்பட்டதாக வரலாற்றில் குறிக்கப்படுகிறது. உயர்ந்த மதிலால் வளைக்கப்பட்ட முற்றம், அதன் ஒரு பக்கத்தில் துறவு வீரர்கள் தங்கிய கட்டடம் என்பது அதன் அமைப்பு. பீரங்கிகளின் காலம் வந்ததும், வாயிலைக் காக்கப் பருத்த சுவர்கொண்ட வட்டக் கொத்தளம் ஒன்று சேர்ந்தது. அதைப் பற்றித் தேவாலயம் குறித்த கேள்வியில் மீண்டும் சொல்கிறேன்.

இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் ஒரு ராஜ்யத்தின் தலைநகராக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், எட்டே ஆண்டுகளுக்கு. ராஜ்யமும் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது.

1558இல் லிவோனியப் போர் தொடங்கியதும் வீரத்துறவியரின் அரசு சில ஆண்டுகளில் நொறுங்கிப்போயிற்று. ரஷ்யா, சுவீடன், போலந்து–லித்துவேனியா, டென்மார்க் ஆகிய நான்கும் விழுந்தவனின் சொத்துக்குப் போட்டியிட்டன. டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடெரிக்குக்கு மாக்னுஸ் என்றொரு தம்பி இருந்தார். உள்நாட்டில் தம்பிக்குப் பங்கு பிரித்துத் தர விரும்பாத மன்னர், சாரெமா தீவையும் அதை அடுத்த கடற்கரையையும் உள்ளடக்கிய பிஷப் ஆட்சிப் பகுதியை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். அதோடு மனநிறைவு அடையாத மாக்னுஸ் ரஷ்ய ஜார் நான்காம் இவானிடம் போனார். ஜாருக்கோ, லிவோனியர்கள் ஏற்கத்தக்க, ஜெர்மன் பேசும் ஒரு கைப்பாவை தேவைப்பட்டார். 1570இல் மாஸ்கோவில் மாக்னுஸ் ‘லிவோனிய மன்னர்’ என்று அறிவிக்கப்பட்டார். பொல்ட்சமா அவருடைய இருப்பிடமாயிற்று.

மன்னரின் முதல் காரியமே தோல்வியில் முடிந்தது. ரஷ்யப் படையுடன் சென்று 1570 ஆகஸ்டு முதல் 1571 மார்ச் வரை தாலினை முற்றுகையிட்டார். நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. கடல்வழியாக அவர்களுக்கு உணவு வந்துகொண்டிருந்தது. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. 1573இல் ஜாரின் உறவுப் பெண்ணான மரியாவை மணந்தார். அவருக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டிருந்தவர் மரியாவின் அக்காள் யூபேமியா. அவர் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டதால் தங்கையை மணமுடித்தார்கள். 1577இல் மாக்னுஸ் தன்னிச்சையாகச் சில கோட்டைகளைத் தம்முடையவை என்று உரிமை கொண்டாட, ஜார் சீறினார். இன்றைய லாட்வியாவில் உள்ள செசிஸ் கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்த மாக்னுஸின் ஆட்கள், ரஷ்யர் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று வெடிமருந்தைக் கொளுத்தித் தங்களையே தகர்த்துக்கொண்டார்கள். சிறைப்பட்டு விடுவிக்கப்பட்ட மாக்னுஸ் 1578இல் போலந்துப் பக்கம் சேர்ந்தார். 1583இல், இன்றைய லாட்வியாவின் கூர்லாந்துப் பகுதியிலுள்ள பில்டென் என்ற இடத்தில் இறந்தார். மரியா ரஷ்யாவுக்குத் திரும்பிக் கன்னிமாடத்தில் முடிந்துபோனார். இந்தக் கதையில் என் இரக்கம் முழுவதும் அந்தப் பெண்ணுக்குத்தான்; பங்காளிச் சண்டையில் பகடைக்காயாக உருட்டப்பட்டவர் அவர்.

தேவாலயம் கோட்டை மதிலுக்குள் இருப்பது ஏன்?

அந்தத் தேவாலயம் கோட்டையின் ஒரு பகுதியிலிருந்தே உருவானது. 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் இந்தப் பகுதியைப் பிடித்தபின், கோட்டையும் அதைச் சார்ந்த நிலங்களும் தளபதி ஹெர்மன் ராங்கெலுக்கு வழங்கப்பட்டன. போரில் சிதைந்த கோட்டையை அவர் குடும்பம் வசிப்பிடமாக மாற்றியது. 1630களில் வாயிலோரக் கொத்தளத்தையும் அதை ஒட்டிய சுவர்களையும் பயன்படுத்திப் புனித நிக்கோலாஸ் தேவாலயம் எழுந்தது.

கட்டடத்தின் உள்ளே நின்று கிழக்கே பார்த்தால் இது விளங்கும். பொதுவாக லூத்தரன் தேவாலயங்களில் பீடம் இருக்கும் பகுதி மெல்லிய சுவரும் உயரமான சன்னல்களும் கொண்டு வெளிச்சமாக இருக்கும். இங்கே அது வட்டமாக, ஆழமாக, ஒரு கிணற்றுக்குள் பக்கவாட்டில் நுழைந்தது போல இருக்கிறது. சன்னல் குழிகளின் ஆழத்திலேயே சுவரின் பருமன் தெரிகிறது. எதிரியின் குண்டைத் தாங்குவதற்கென்று கட்டிய சுவர், இன்று ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் ஒலியைத் தாங்கித் திருப்பி அனுப்புகிறது. மதில் சூழ்ந்த முற்றமும் தேவாலயமும் ஒட்டியே இருப்பதால், கல்யாணத்துக்கு வருபவர்களும் கோட்டையைப் பார்க்க வருபவர்களும் ஒரே வழியில் ஒருவருக்கொருவர் ஒதுங்கி இடம்விட வேண்டியிருக்கும்.

கோட்டையை அரண்மனையாக மாற்றியவர் யார்?

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவுக்கும் சுவீடனுக்கும் நடந்த வடக்குப் பெரும்போரில் கோட்டை மறுபடியும் எரிந்தது. நாடு ரஷ்யப் பேரரசின் கீழ் வந்தபின், அந்த நூற்றாண்டின் நடுவில் வால்டெமர் யொஹான் பொன் லாவ் என்ற நிலப்பிரபு இதைப் பெற்று, வளைவு நெளிவான அலங்காரம் மிகுந்த ரொக்கோகோ பாணி அரண்மனையாக மாற்றினார். உள்கூரைகளின் சுண்ணச் சிற்பவேலைகளை 1770களில் செய்தவர் யொஹான் மிகாயேல் கிராப். லாட்வியாவின் ருண்டாலே அரண்மனையில் இன்றும் பார்த்து வியக்கப்படும் சுண்ண வேலைப்பாடுகள் அதே கைவண்ணம்தான். அதனால் பொல்ட்சமாவில் எது போயிற்று என்று அறிய விரும்புபவர் ருண்டாலேவுக்குப் போய்ப் பார்க்கலாம்.

லாவ் அரண்மனையோடு நிற்கவில்லை. கண்ணாடி, பீங்கான், தோல், செம்பு என்று பட்டறைகளைத் தொடங்கினார். மருத்துவமனையும் அச்சகமும் அமைய இடம் கொடுத்தார். சந்தை தொலைவில், பாதைகள் சேற்றில், உழைப்போ விருப்பமற்ற பண்ணையடிமைகளுடையது என்றிருந்த இடத்தில் இத்தனை தொழில்களையும் ஒருசேரத் தாங்க முடியவில்லை. கடனில் மூழ்கி 1786இல் இறந்தார். பிற்பாடு மாளிகை, பேரரசி இரண்டாம் கேத்தரீனுக்கும் கிரிகோரி ஒர்லோவுக்கும் மணத்துக்கு வெளியே பிறந்த அலெக்சேய் பொப்ரின்ஸ்கியின் குடும்பத்துக்குச் சென்று, 1919இல் எஸ்டோனியக் குடியரசு பெரும் பண்ணைகளை நிலச் சீர்திருத்தத்தின் கீழ் எடுத்துக்கொள்ளும் வரை அவர்களிடமே இருந்தது.

எஸ்டோனிய மொழியின் முதல் இதழ் இங்கேதான் வெளிவந்ததா?

ஆம். இவ்வூரைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், மாக்னுஸை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

1766இல் பேட்டர் எர்ன்ஸ்ட் வில்டே என்ற மருத்துவர் பொல்ட்சமா கோட்டையில் ஓர் அச்சகம் வைத்தார். ஆகஸ்டு வில்ஹெல்ம் ஹூபெல் என்பவர் அப்போது ஊரின் போதகர். ஜெர்மனியில் வைமார் அருகே பிறந்த இவர், இங்கே சுமார் நாற்பது ஆண்டுகள் பணியாற்றி, லிவோனியாவையும் எஸ்ட்லாந்தையும் (இன்றைய எஸ்டோனியாவின் வடபகுதி) பற்றிய விரிவான நிலவியல், மக்களியல் விவரங்களைத் தொகுத்தவர். வில்டே ஜெர்மனில் எழுத, ஹூபெல் எஸ்டோனிய மொழியில் ஆக்கினார். ‘லுஹிக்கே எப்பெதுஸ்’ என்று தொடங்கும் பெயருடன் 1766–67இல் 41 இதழ்கள் வந்தன. ‘சுருக்கமான போதனை’ என்று அதற்குப் பொருள்.

அதில் இருந்தது அரசியலோ இலக்கியமோ அன்று. மனிதருக்கும் கால்நடைக்கும் வரும் நோய்களை எப்படி அறிவது, மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்கும்போது வீட்டில் என்ன செய்யலாம் என்பனவே. அன்று எஸ்டோனிய உழவர்கள் பண்ணையடிமைகள். லிவோனியாவில் அடிமைமுறை ஒழிந்தது 1819இல்தான். எனினும் வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் வாசிக்கத் தேவாலயம் வற்புறுத்தியதால், எழுதத் தெரியாவிட்டாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிடையே கணிசமாக இருந்தார்கள். அந்த வாசிப்பை முதன்முறையாக மாட்டுத் தொழுவத்துக்கும் நோய்ப்படுக்கைக்கும் பயன்படும்படி திருப்பிவிட்டது இந்த இதழ். எழுதியவர்கள் இருவரும் ஜெர்மானியர். படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற கவலை மட்டும் அதில் ஐயமின்றி இருந்தது.

இன்னொரு நுணுக்கம்: தொடக்கத்தில் சொன்ன உதடு குவியாத உயிருக்கு அன்று எழுத்தே கிடையாது. ஆகவே இதழின் தலைப்பிலேயே ‘எப்பெதுஸ்’ என்ற சொல் ஜெர்மன் மொழிக்குரிய எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறது. தனி எழுத்தை ஓட்டோ வில்ஹெல்ம் மாசிங் என்ற போதகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகம் செய்தார். ஊர்ப் பெயரின் முதல் உயிருக்கு வடிவம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அலெக்சாண்டர் பள்ளி என்பது என்ன?

19ஆம் நூற்றாண்டில் எஸ்டோனியர்கள், தங்கள் மொழியிலேயே உயர்படிப்புத் தரும் ஒரு பள்ளி வேண்டும் என்று ஊர் ஊராகக் குழு அமைத்துப் பணம் திரட்டினார்கள். 1870இல் அமைந்த தலைமைக் குழுவுக்கு நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்த யாகோப் ஹுர்ட் தலைவராக இருந்தார். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரின் பெயரைச் சூட்டினால் அனுமதி எளிதாகும் என்பது கணக்கு. உழவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில், பொல்ட்சமாவுக்கு அருகே கார்லிமொய்சாவில் 1888இல் பள்ளி திறந்தது. அதற்குள் ரஷ்யமயமாக்கல் கொள்கை வந்துவிட்டதால், பயிற்று மொழி ரஷ்யன் ஆகிவிட்டது. தாய்மொழிப் பள்ளிக்கென்று காசு கொடுத்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யூகிப்பது கடினமன்று. ஆனாலும் பணம் திரட்டிய அந்த ஆண்டுகளில் உருவான குழுக்களும் கூட்டங்களும் நாடெங்கும் பரவியிருந்தன. தேசிய விழிப்புணர்ச்சிக்கு அவை பள்ளியைவிடப் பெரிய பயிற்சிக் களமாயின என்பது என் கருத்து.

அரண்மனை இன்று ஏன் இடிபாடாக இருக்கிறது?

1941 ஜூலையில் ஜெர்மானியப் படை முன்னேறி வர, சோவியத் செம்படை பின்வாங்கிய நாட்களில் அரண்மனையும் தேவாலயமும் தீக்கிரையாயின. கிராபின் சுண்ணச் சிற்பங்கள் அத்துடன் அழிந்தன. அரண்மனையை நெடுங்காலம் எவரும் மீட்கவில்லை. தேவாலயத்தையோ சபையார் போருக்குப் பின், ஸ்டாலின் காலத்திலேயே கட்டியெழுப்பி 1952இல் மீண்டும் திறந்தார்கள். சமயக் கட்டடங்களை அரசு கிடங்காக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது அரிய செயல். உள்ளே இருக்கும் பழைமையான பொருட்கள் பல, தார்த்துவில் மூடப்பட்ட பல்கலைக்கழகத் தேவாலயத்திலிருந்து வந்தவை.

திராட்சை எளிதில் விளையாத குளிர்நாட்டில் ‘ஒயின் தலைநகர்’ என்ற பட்டம் எப்படி வந்தது?

ஆப்பிளாலும் புதர்ப்பழங்களாலும் வந்தது. 58 பாகை வடக்கைத் தாண்டிய நிலத்தில் திராட்சைத் தோட்டம் அரிதுதான். ஆப்பிளும் ‘கரன்ட்’ எனப்படும் கறுப்பு, சிவப்புப் புதர்க்கனிகளும் வீட்டுக்கு வீடு காய்க்கும். 1920இல் இங்கே பழ ஒயின் தொழில் தொடங்கியது. இக்கனிகளில் புளிப்பு அதிகம், சர்க்கரை குறைவு. ஆகவே சாற்றைத் தண்ணீர் சேர்த்துத் தணித்து, சர்க்கரை கூட்டி, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைப்பார்கள். ‘பொல்ட்சமா குல்ட்னே’ என்ற ஆப்பிள் ஒயின் நாடெங்கும் தெரிந்த பெயர். ‘குல்ட்னே’ என்றால் பொன்னிறமானது. அதே ஊர்ப் பெயர் தாங்கிய கடுகுச் சாந்தும் எஸ்டோனியச் சமையலறைகளில் நிலையாக இருக்கிறது. ஒரு விரல்நுனி அளவே மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைத்துவிடும்.

விண்வெளிக்கு உணவு அனுப்பிய தொழிற்சாலை இவ்வூரில்தான் இருந்ததா?

ஆம். 1960களின் தொடக்கத்தில் சோவியத் விண்வெளி வீரர்களுக்காகக் குழாய்களில் அடைத்த உணவு பொல்ட்சமா தொழிற்சாலையில் தயாரானது. எடையற்ற நிலையில் தட்டில் உணவு நிற்காது என்பதால், பற்பசைக் குழாய் போன்ற ஒன்றிலிருந்து வாய்க்குள் பிதுக்கி உண்ணும் முறை அது. இவ்வூரின் உணவுத் தொழில் பற்றிய சிறு அருங்காட்சியகம் கோட்டை வளாகத்தில் உள்ளது. பழ ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் நிலவறையும் அங்கேயே இருக்கிறது.

எப்போது, எப்படிப் போகலாம்?

தாலின்–தார்த்து வழியில் செல்லும் பேருந்துகள் பல இங்கே நிற்கின்றன. தாலினிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், தார்த்துவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். ரயிலில் வர விரும்பினால் யொகெவாவில் இறங்கிச் சாலை வழியே வர வேண்டும். 2011 முதல் யூரோதான் நாணயம்.

ஜூன் கடைசியில் இரவு 10 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆற்றுத் தீவுகளையும் கோட்டை முற்றத்தையும் நிதானமாகப் பார்க்கக் கோடையே ஏற்றது. அரை நாள் போதும் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். தேவாலயம் பகலெல்லாம் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், உள்ளே நுழையக்கூடிய நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்; அந்த வட்டச் சுவருக்குள் நிற்காமல் திரும்பினால் பாதி ஊரைப் பார்க்காதது போலத்தான்.